அப்பாட கொம்பியூட்டரை மாத்த முதல்

இந்த முறை பொட்காஸ்டில் நேரம் போதாமல் விட்ட பகுதி இது. வீட்டிலை பத்து வருசமாக நிக்கிற கணினியை மாத்தவேணுமா, மாத்தினால் எதை வாங்குறது? அம்மா அப்பா இதைக் கடையிலை கேக்கமாட்டினம், உங்களிட்டைத்தான் கேப்பினம். ஆனபடியால் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. அவசரம் எவ்வளவு?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. கணினி தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கிற பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. பாங்க்ஐடி பாவிக்கிற இயந்திரத்துக்கு அது சரிவராது. நோர்வே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருப்பதால், மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். இது தீர்வில்லை, தவணை. ஆறுதலாக யோசிக்க அது போதும்.

2. இலக்கத்தை வாசியுங்கோ

செட்டிங்ஸில் புரொசெசரின் பெயரைப் பாருங்கோ. ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பிறகு வாற 7தான் தலைமுறை. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. இன்டெலில் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான், ஒன்றிரண்டு விதிவிலக்குத் தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும். "ஐ7" என்ற ஒட்டியைப் பார்த்து மயங்கவேண்டாம்: நாலாம் தலைமுறை ஐ7 தகுதியில்லை, எட்டாம் தலைமுறை ஐ3 தகுதி.

தலைமுறை சரி, ஆனாலும் "முடியாது" என்று வருகுதா? பயோஸில் டிபிஎம் 2.0 நிறுத்தியிருக்கலாம். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதுதான் காரணம் என்றால், போட்டுவிட்டால் செலவு 0 குரோனர்.

3. வாங்குறதென்றால்

பிரவுசர், வீடியோ, ஊருக்குக் கோல் எடுக்கிறது மட்டும்தான் வேலை என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றலாம். ஆனால் அப்பா புதுத் திரைக்குப் பழகச் சம்மதமா என்று முதலில் கேளுங்கோ.

புதிதாக என்றால் 16 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி. மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் மெமரியைப் பலகையிலேயே ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்டமுடியாது. மேசையிலேயே பாவிக்கிறவைக்கு மினி பிசி போதும். திரை, விசைப்பலகை பழையதே இருக்கட்டும்.

கடையில் மேலதிகக் காப்புறுதி விற்கப் பார்ப்பினம். நோர்வே நுகர்வோர் சட்டப்படி, நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருளுக்கு ரெக்லமாஷூன் உரிமை 5 வருடம். கைத்தொலைபேசிக்கே 5 வருடம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கீழே விழுந்து உடைந்தால் அந்த உரிமை உதவாது. அதனால் "இந்தக் காப்புறுதி அதுக்கு மேலை என்ன தருது?" என்று கேளுங்கோ.

4. பாமினி: இதை மறக்கவேண்டாம்

கணினியைக் காசுக்கு வாங்கலாம், இதை வாங்கேலாது. அப்பா 2000களில் தட்டின சங்கக் கூட்டக் குறிப்பு, அம்மாவின் தமிழ்ப் பள்ளிப் பாடத்தாள் எல்லாம் பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலை இருக்கும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்துகிற எழுத்துரு. கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல்தான் தெரியும். குப்பையென்று நினைத்து அழித்துப்போடாதேங்கோ.

செய்யவேண்டியது:

- பழைய கணினியின் ஃபொண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவுங்கோ.
- மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை யுனிகோடுக்கு மாற்றுங்கோ. எழுத்து மாற்றிகள் இணையத்தில் இலவசம்.
- மாற்றினதைப் பெற்றோரோடு இருந்து வாசியுங்கோ. பிழைகள் அவைக்கு உடனே தெரியும், உங்களுக்கும் ஒரு கதை கிடைக்கும்.

தட்டக் கை பழகின அப்பாவுக்கு இ-கலப்பையைப் போட்டுக்குடுங்கோ. பாமினி விசையிலேயே தட்டலாம், வாறது யுனிகோடு.

5. பழையதை அனுப்புதல்

படங்களும் கோப்புகளும் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தபிறகுதான் டிஸ்க்கை அழிக்கவேணும். பிறகு கணினி விற்கிற கடையில் குடுங்கோ. நோர்வேயில் அவர்கள் அதை இலவசமாக ஏற்கவேண்டும்.

வீட்டுப்பாடம்: இந்த வார இறுதியில் புரொசெசர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பாமினிக் கோப்பு எத்தனை இருக்கென்று எண்ணிவையுங்கோ. விலை பார்க்கிறது அதுக்குப் பிறகு.