கறுப்புக் கோடுகளும் நமது பொதிகளும்
சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு பாடம்



2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னரும் பின்னரும் பல குடும்பங்கள் வேலை செய்த மண்ணை விட்டுச் சிறு துண்டுக் காணிகளில் குடியேறியுள்ளன. காணி சிறுத்துவிட்டால் விளைவின் பெறுமதியைக் கூட்டுவதே வழி. ஆகவேதான் மிளகையும் மஞ்சளையும் இஞ்சியையும் அப்படியே விற்காமல், காய வைத்து, அரைத்து, பொதி செய்து விற்கிறோம். பொதியை சுப்பர் மார்க்கட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கேட்கும் முதற் கேள்வி, “பார்கோட் இருக்கிறதா?” என்பதாகும். அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பெண்கள் குழுவொன்று கறித்தூள் பொதிகளுக்கு லேபல் தேடியது. செலவு குறைவு என்று, வெப்பத்தால் கறுக்கும் கடதாசியில் அச்சிட நானே சம்மதித்தேன். சில வாரங்களில் வெயிலும் தூளின் எண்ணெயும் பட்டுக் கோடுகள் வெளிறிப் போயின. காசாளரின் இயந்திரம் அவற்றை வாசிக்கவில்லை. பொதிகள் திரும்பி வந்தன. தூளில் ஒரு குறையும் இல்லை; லேபலில்தான் குறை. அந்தப் பெண்களின் உழைப்பு வீணானதற்கு என் அவசரமே காரணம். நீங்களும் அதே குழியில் விழக்கூடாது.

1. பார்கோட் என்றால் என்ன?

அது கோடுகளால் எழுதிய ஓர் எண், வேறொன்றுமில்லை. 1974 ஜூன் 26 ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊர்க் கடையில் ஒரு சுவிங்கம் பொதியே முதன்முதலாக இம்முறையில் விற்கப்பட்டது. நம் கடைகளில் காண்பது பெரும்பாலும் 13 இலக்க எண். இலங்கையில் பதிவு செய்யப்படும் எண்கள் 479 என்று தொடங்கும், இந்தியாவில் 890.

விலையோ காலாவதித் திகதியோ அந்தக் கோடுகளில் இல்லை. விலை கடையின் கணனியில் இருக்கிறது. ஆகவே நிறை, விலை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தனியாக அச்சிட்டே ஆகவேண்டும்.

கடைசி இலக்கம் காவற்காரன் போன்றது. பயிற்சிக்காக 479123456789 என்ற 12 இலக்கங்களை எடுப்போம். இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 129 வரும். அடுத்த பத்தின் மடங்கான 130 க்கு 1 குறைகிறது. அந்த 1 தான் பதின்மூன்றாவது இலக்கம். ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்தால் கணக்கு ஒத்துவராது; இயந்திரம் மறுத்துவிடும். (இது பயிற்சி எண். உங்கள் பொதியில் இதை இட வேண்டாம்.)

2. நமக்கு அது தேவையா?

ஞாயிற்றுச் சந்தைக்கும் பக்கத்துக் கடைக்கும் தேவையில்லை. சில கடைகள் தம் உள் பாவனைக்குத் தாமே எண் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் நமக்குச் செலவே இல்லை. எனவே முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்.

தேவை என்றால், கொழும்பில் இலங்கை வர்த்தக சம்மேளனத்தோடு இணைந்து இயங்கும் ஜீ.எஸ்.1 அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பத்துக் குடும்பங்கள் பத்துப் பதிவு செய்வதைவிட, ஒரு சங்கமாகி ஒரே வணிகப் பெயரில் விற்பது மேல். வேறொருவரின் எண்ணை இரவல் வாங்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நிறைக்கும் தனி எண் வேண்டும்: 50 கிராம் மிளகுக்கு ஒன்று, 100 கிராமுக்கு இன்னொன்று.

3. அச்சிடும் வழிகள்

(அ) அச்சகத்தில் லேபலோடு சேர்த்து அச்சிடல்: ஒரே பொருளைப் பெருந்தொகையில் விற்போருக்கு ஒரு லேபலின் செலவு இதில்தான் மிகக் குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். பெயரோ நிறையோ மாறினால் மீதி எல்லாம் குப்பை.

(ஆ) லேசர் பிரின்டரும் ஸ்டிக்கர் தாளும்: தொடக்கக்காரருக்கு உகந்தது. நகரக் கடையில் தாள் கணக்கில் அடித்துக்கொள்ளலாம். பாதி பாவித்த தாளை மறுபடி பிரின்டருக்குள் விடாதீர்கள். லேபல் உரிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

(இ) இங்க்ஜெட் பிரின்டர்: மலிவாகக் கிடைக்கும். ஆனால் சாதாரண மை ஈரத்தில் கரைந்து கோடுகள் கலங்கும். நமது பனிமூட்டத்துக்கு இது ஏற்றதல்ல.

(ஈ) நேரடி வெப்ப முறை: மை இல்லை, ரிபன் இல்லை, கடைப் பற்றுச்சீட்டைப் போன்றது. சூடு, வெயில், எண்ணெய் மூன்றும் இதற்கு எதிரிகள். சில நாட்களில் விற்றுத் தீரும் பாண், காய்கறி போன்றவற்றுக்குப் போதும். மாதக்கணக்கில் தட்டில் இருக்கும் தூளுக்கு வேண்டாம்.

(உ) ரிபன் வெப்ப முறை: சூட்டால் ரிபனிலுள்ள மெழுகு அல்லது பிசின் லேபலில் படியும். வெயிலைத் தாங்கும். பிளாஸ்டிக் லேபலோடு பிசின் ரிபன் சேர்ந்தால் ஈரத்தையும் எண்ணெயையும் தாங்கும். பல பொருள் செய்யும் சங்கத்துக்கு ஏற்றது. பிரின்டரின் விலையோடு ரிபன், லேபல் சுருள் செலவையும் கணக்கிடுங்கள்.

எண் மாறுவதில்லை, திகதிதான் மாறுகிறது. ஆகவே பார்கோட்டை மொத்தமாக அச்சிட்டு வைத்து, திகதியையும் தொகுதி இலக்கத்தையும் கை முத்திரையால் இடலாம். சிறு குழுக்களுக்கு இதுவே சிக்கனம்.

4. அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை

• வழமையான அளவு ஏறக்குறைய 37 மில்லிமீற்றர் அகலம், 26 மில்லிமீற்றர் உயரம். இதன் 80 வீதத்துக்குக் கீழே குறைக்கக்கூடாது.
• இரு பக்கமும் வெற்றிடம் விடுங்கள். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 3 மில்லிமீற்றராவது வேண்டும். அழகுக்காக அங்கே பூ வரைந்தால் இயந்திரம் தடுமாறும்.
• வெள்ளையில் கறுப்பே சிறந்தது. பல இயந்திரங்கள் சிவப்பு ஒளியால் வாசிப்பவை. சிவப்புக் கோடு அவற்றின் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும்.
• மில்லிமீற்றருக்கு 8 புள்ளி இடும் சாதாரண வெப்பப் பிரின்டரில் மெல்லிய கோட்டுக்கு 3 புள்ளி கொடுங்கள். வெற்றிடத்தோடு 42 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் அகலம் வரும். 50 மில்லிமீற்றர் லேபல் வாங்கினால் போதும். கணனியில் இழுத்துச் சுருக்கினால் கோடுகளின் விகிதம் கெடும்.
• சிறிய உருண்டைப் போத்தலில் கோடுகள் ஏணிப்படி போலக் குறுக்காக அமையட்டும். நிமிர்த்தி ஒட்டினால் ஓரக் கோடுகள் வளைவில் மறையும்.

5. வாங்கும் முன் சோதனை

பத்து லேபல் மட்டும் அடியுங்கள். சிலவற்றை இரு வாரம் வெயிலில் வையுங்கள். சிலவற்றில் எண்ணெய் தடவுங்கள். சிலவற்றை நனைத்து விரலால் தேயுங்கள். பின்பு கடைக் காசாளரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி வாசிப்பதை நம்ப வேண்டாம்; கெட்ட கோட்டையும் அது சில வேளை வாசித்துவிடும். நான் அன்று இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அந்தப் பொதிகள் திரும்பியிருக்கமாட்டா.

குழுவாகக் கூடி ஆராய்வோம்

1. நம் பொருட்கள் எத்தனை? மாதம் எத்தனை பொதி விற்கிறோம்?
2. ஒரு பொதி எத்தனை நாள் கடையில் இருக்கும்? வெயில், ஈரம், எண்ணெய் படுமா?
3. ஒரு லேபலுக்கு நாம் கொடுப்பது, பொதியில் கிடைக்கும் இலாபத்தில் எத்தனை பங்கு?
4. பிரின்டர் வாங்கினால் எங்கே வைப்பது? அதை இயக்கக் குறைந்தது இருவர் பழகியிருக்கிறார்களா?

இந்த நான்குக்கும் விடையை ஒரு கொப்பியில் எழுதிய பின்னரே காசை எடுங்கள். கோடுகள் கறுப்பாக இருந்தால் போதாது. கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.