பாடம்: போன பல்லுக்கு மாற்றுப் பல் – கடன் கேட்கும் முன்



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சொல் மட்டுமா போகுது? கம்மஞ்சோறும் கடலையும் மெல்ல முடியாது. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடுவோம். அதனால் பல் வைக்க உள்கடன் கேட்பது வீண் செலவு அல்ல. ஆனால் எந்தப் பல், யாரிடம், எவ்வளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

கடைவாய்ப் பல் ஒன்று போய், அந்த இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அதில் சாயும். எதிர்ப் பல் நீண்டு வரும். தாடை எலும்பும் நாளாக நாளாகத் தேயும்.

மாற்றுப் பல் வைக்க மூன்று வழி இருக்கு:

1. கழற்றி மாட்டும் பல்செட்: செலவு குறைவு. ராத்திரி கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கணும். எலும்பு தேயத் தேய செட் ஆடும், அப்போது சரிசெய்யணும்.

2. பிரிட்ஜ்: இரண்டு பக்கத்துப் பற்களையும் தேய்த்து, அவற்றின் மேல் உறை போட்டு, நடுவில் பல்லை நிறுத்துவார்கள். கழற்ற வேண்டாம். நல்ல பல்லைத் தேய்க்கணும் என்பதுதான் குறை.

3. இம்பிளான்ட்: டைட்டானியம் உலோகத் திருகைத் தாடை எலும்பில் பதித்து, அதன்மேல் பல் வைப்பது. வேலிக்கல் ஊன்றி, மண் இறுகிய பிறகு கம்பி கட்டுகிற மாதிரிதான். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். 1965-ல் சுவீடன் நாட்டில் டாக்டர் பிரானமார்க் முதன்முதலில் ஒரு மனிதருக்கு இதை வைத்தார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அது உழைத்தது.

இம்பிளான்ட் நல்லதுதான், ஆனால் செலவு அதிகம். தனியார் மருத்துவமனையில் ஒரு பல்லுக்கே பெரும்பாலும் 20,000 ரூபாயைத் தாண்டும். கட்டுப்படாத சர்க்கரை வியாதி, ஈறு நோய், புகையிலைப் பழக்கம் இருந்தால் திருகு எலும்பில் பிடிக்காமல் போகலாம். முதலில் அதைச் சரிசெய்யணும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமார்கள் இதைக் கவனிக்கவும்.

எச்சரிக்கை: "ஒரே நாளில் நிரந்தரப் பல்" என்று சொல்லி, செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிடும் போலிகள் உண்டு. அதைக் கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. அடியில் சோறு தங்கி ஈறு அழுகும். இருக்கிற நல்ல பல்லும் ஆடும். பி.டி.எஸ். படிப்பும் பதிவு எண்ணும் உள்ள டாக்டரிடமே போங்கள். முதலில் அரசு மருத்துவமனை பல் பிரிவில் காட்டி, எந்த வழி பொருந்தும் என்று கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:
* எக்ஸ்ரே, திருகு, மேல் பல் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
* எத்தனை தடவை வரணும்? (பஸ் செலவும், போகும் கூலியும் நம் கணக்குதான்)
* என் எலும்பும் ஈறும் இதைத் தாங்குமா?
* பல்செட்டோ பிரிட்ஜோ எனக்குப் போதாதா?
* ரசீதும், திருகின் விவரம் எழுதிய அட்டையும் தருவீர்களா?

குழுவுக்கு ஒரு யோசனை: இம்பிளான்ட் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். கடனையும் இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். திருகு பதிக்கும்போது பாதி, அது பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு மீதி. வட்டிச் சுமையும் குறையும்.

மாற்றுப் பல் எதுவானாலும், தினமும் இரண்டு வேளை துலக்கணும். செங்கல்பொடியும் அடுப்புக்கரியும் வேண்டாம்.

கூட்டத்தில் பேசுங்கள்:
1. நம் குழுவில் பல் போய், சாப்பிடச் சிரமப்படுபவர்கள் யார் யார்?
2. உறுப்பினரின் பல் செலவுக்கு உள்கடன் கொடுப்பது பற்றித் தீர்மானம் போடலாமா?
3. புகையிலையை விட, ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்கலாம்?