முதியோர் செவித்திறனும் மூளை நலமும்

பெங்களூரின் பழைய பகுதிகளுள் ஒன்றான அல்சூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் வழங்குகின்றன. செவித்திறன் குன்றிய முதியவர் இப்பேச்சொலிகளிலிருந்து சிறிது சிறிதாக விலகிவிடுகிறார். இதனை மூப்பின் இயல்பென விட்டுவிடுவது சரியன்று.

தெளிவற்ற ஒலியைப் புரிந்துகொள்ள மூளை மிகுதியாக உழைப்பதால் நினைவாற்றலுக்கு எஞ்சும் திறன் குறைகிறது என்றும், உரையாடல் குறைவதால் தனிமை பெருகுகிறது என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர்.

அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அனைவரையும் சேர்த்து நோக்குகையில், காது கேட்கும் கருவியால் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், இடர் மிகுந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே, கருவி மறதிநோய்க்கு மருந்தன்று. இடர் மிகுந்தோர்க்குத் துணையாகலாம்.

அவ்வாய்வில் கருவியுடன் வல்லுநரின் ஆலோசனையும் அளிக்கப்பட்டது. இந்தியாவில் 2017இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் எளிய வருவாயுடைய முதியோர்க்குக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் வல்லுநர்களைப் பயிற்றுவிக்கிறது. கருவியும் வல்லுநர் சேவையும் ஒருங்கே முதியோரைச் சென்றடைய வேண்டும். அல்சூரின் தமிழ் மூதாட்டிக்குப் பேச்சுக் கேட்புச் சோதனை தமிழ்ச் சொற்களாலேயே நடைபெறுதல் வேண்டும். செவிக்கேற்பச் சரிசெய்யப்படாத கருவி பெட்டியிலேயே கிடக்கும். வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையன்று, அன்றாடம் அணியப்படும் கருவிகளின் எண்ணிக்கையே திட்ட வெற்றியின் அளவுகோலாகும்.