முறியடித்தல் என்னும் சொல்

ஒருவர் வகுத்த திட்டத்தை மற்றொருவர் எதிர்த்து நின்று பயனற்றதாக்குவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. எதிர்த்தல், தடுத்தல், குலைத்தல், கெடுத்தல், முறியடித்தல் என்பன அவற்றுள் சில. இவை அனைத்தும் ஒருபொருட்பன்மொழி என்று எண்ணி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு எழுதுவோர் உளர். அவ்வாறு எழுதுவதால் தொடரின் பொருள் எங்ஙனம் மாறுகிறது என்பதை முறியடித்தல் என்னும் சொல்லைக் கொண்டு காண்போம்.

'முறி' என்பது ஒடிதலையும் ஒடித்தலையும் உணர்த்தும் வினைப்பகுதி. கிளை முறிந்தது, கிளையை முறித்தான் என இருவகையாகவும் வரும். எலும்பு முறிவு, மணமுறிவு, நச்சுமுறி ஆகியவற்றிலும் இப்பகுதியே நிற்கிறது. உறங்கி எழுந்தவர் சோம்பல் முறிக்கிறாரே, அங்கும் இதுவே. முறி, அடி என்னும் இரு பகுதிகள் சேரும்போது நிலைமொழி இகரத்தில் முடிவதால், யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி 'முறியடி' என்றாகிறது. இதில் உள்ள 'அடி' கையால் அடித்தலைக் குறிப்பதன்று. மூழ்கடி, சிதறடி, தோற்கடி என்பவற்றை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வயலை மூழ்கடிக்கும்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஒன்றை அந்நிலைக்கு உள்ளாக்குதல் என்பதே இங்கு 'அடி' தரும் பொருள்.

முறித்தல் என்றாலே பொருள் நிறைவு பெறுகிறதே, பின் 'அடி' எதற்கு என்று கேட்கலாம். கிளையை முறித்தான் என்போம். கிளையை முறியடித்தான் என்று ஒருவரும் சொல்வதில்லை. கிளைக்கு எதிர்த்து நிற்கும் நோக்கம் இல்லை. முறியடிக்கப்படுவது படையாகவோ, தாக்குதலாகவோ, சூழ்ச்சியாகவோ, முயற்சியாகவோ இருத்தல் வேண்டும். அதன் பின்னே ஓர் உள்ளம் இயங்க வேண்டும். (சூழ்ச்சி என்பதும் இன்று வஞ்சகத் திட்டத்தையே குறிக்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் அதனை ஆராய்ச்சி என்னும் நற்பொருளிலேயே ஆள்கிறார்.)

முறியடித்தவர் ஒருவர் இருத்தலும் இச்சொல்லுக்கு வேண்டும். மழை பெய்து விளையாட்டு விழா நின்றுபோனால், மழை விழாவைக் கெடுத்தது என்போம், முறியடித்தது என்னோம். எதிர்த்தல் என்னும் சொல் முடிவைக் கூறுவதில்லை. எதிர்த்தவர் தோற்றிருக்கவும் கூடும். தடுத்தல் என்பது செயல் தொடங்கும் முன்னரும் நிகழலாம். முறியடித்தலிலோ எதிர்த்தவரின் வெற்றி உறுதியாகிவிடுகிறது.

இவற்றினும் நுட்பமானது, இச்சொல் பேசுவோரின் சார்பைக் காட்டிவிடும் என்பது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் ஆதிக்கம் செலுத்திவந்தது. அந்த ஆதிக்கத்தை எதிர்த்து வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டுக் கடுஞ்சிறைக்கு ஆளானார். நிறுவனமும் நலிந்து மறைந்தது. இவ்வரலாற்றைத் தமிழில் எழுதும் ஒருவர், ஆங்கிலேய நிறுவனத்தின் தனியுரிமையை முறியடிக்கச் சிதம்பரனார் முனைந்தார் என்று இயல்பாக எழுதுவார். ஆனால் அவரது முயற்சியை ஆங்கிலேயர் முறியடித்தனர் என்று எழுதப் பேனா தயங்கும். ஒடுக்கினர், நசுக்கினர் என்றே எழுதத் தோன்றும். இருபுறமும் நிகழ்ந்தது ஒருவர் திட்டத்தை மற்றவர் எதிர்த்ததுதான். எனினும் முறியடித்தவர் பக்கம் நியாயம் நிற்கிறது என்னும் குறிப்பு இச்சொல்லில் கலந்திருக்கிறது. அன்றைய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தமிழில் குறிப்பு எழுதியிருப்பாராயின் சொற்கள் இடம் மாறியிருக்கும்.

இக்காலத்தில் இச்சொல் விளையாட்டுச் செய்திகளில் மிகுதியாக வழங்குகிறது. 1954 மே 6ஆம் நாள் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்திற்குள் ஓடி முடித்தார். அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் ஜான் லாண்டி அதனினும் விரைந்து ஓடினார். பேனிஸ்டரின் சாதனையை லாண்டி முறியடித்தார் என்று எழுதுகிறோம். இங்கே குலைக்கப்பட்ட சூழ்ச்சியும் இல்லை, பகையும் இல்லை. பேனிஸ்டர் ஓடிய ஓட்டம் ஓடியதாகவே நிற்கிறது. விஞ்சினார், கடந்தார் என்னும் சொற்கள் இவ்விடத்திற்கு இன்னும் பொருந்தும். ஆயினும் வழக்கு நிலைபெற்றுவிட்டது. அதனைப் பிழை என்று ஒதுக்குவதற்கில்லை.

'ஊர்மக்களின் போராட்டம் முறியடிக்கப்பட்டது' என்று ஒரு நாளிதழும், 'ஊர்மக்களின் போராட்டம் ஒடுக்கப்பட்டது' என்று மற்றொரு நாளிதழும் தலைப்பிட்டிருப்பதாகக் கொள்வோம். செய்தியைப் படிப்பதற்கு முன்பே, எந்த நாளிதழ் யார் பக்கம் நின்று எழுதுகிறது என்பதை அந்த ஒரு சொல் நமக்குச் சொல்லிவிடுகிறது.