கன்று நட்டால் கடற்கரை மீண்டுவிடுமா?

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது. அதைக் காக்க அலையாத்திக் காடு வளர்ப்பு, பவளப்பாறை மீட்பு, கடல்பசுவுக்குத் தனிக் காப்பகம் என்று அரசு பல வேலைகளைச் செய்து வருகிறது. ஆனால் இந்த வேலைகளைப் பற்றி நம்மிடையே உலவும் எண்ணங்களில் பாதி தவறானவை. தவறான எண்ணம் இருந்தால் தவறான திட்டத்துக்குக் கைதட்டுவோம், நல்ல திட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால்தான் இந்தத் திருத்தங்கள்.

நம்பிக்கை 1: அலையாத்திக் காடு அழிந்தால், கன்றுகளை நட்டால் போதும், காடு திரும்பிவிடும்.

உண்மை: அந்த மண்ணுக்கு நீர் வந்து போகாவிட்டால் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் நிற்காது. இதற்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடே சான்று. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுவதுமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் வற்றி மண் சுருங்கி, தரை தொட்டிபோலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை.

காடு அழிந்ததற்குச் சுற்றுவட்டார மக்களும் அவர்களுடைய மாடுகளுமே காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து காரணத்தைத் தேடியபோதுதான் தரையின் குழிவு தெரியவந்தது. மீன் முள்ளின் வடிவில், நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டி, அவற்றை இயற்கையான ஓடைகளோடு இணைத்தார்கள். ஏற்ற நீர் உள்ளே வந்து வெளியே போனது, உப்பு குறைந்தது. அதன் பிறகே வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்த வாய்க்கால்களைத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பழைய நிலை திரும்பும்.

நம்பிக்கை 2: கடற்கரையில் எந்த மரம் வைத்தாலும் நல்லதுதான், சுனாமியைத் தடுக்கும்.

உண்மை: 2004 சுனாமியில் கடலூர்ப் பகுதியில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் பெரிய காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தார்கள். எப்படியானாலும், காடு அலையின் வேகத்தைத் தணிக்கலாம்; பேரலைக்கு அது மதில் ஆகாது.

அதைவிடக் கவலை தருவது, அலையாத்தி வளராத திறந்த மணற்கரையிலும் சவுக்கை நட்ட பழக்கம். சவுக்கு ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த மரம். நம் மணற்கரையைக் காலங்காலமாகக் கட்டிப் பிடித்திருப்பவை அடும்பும் இராவணன் மீசையும்தான். இவை படர்ந்த மணல்மேடே கரைக்கு முதல் அரண். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்கு வேண்டியது திறந்த மணல். கடலை ஒட்டிச் சவுக்குத் தோப்பு நெருங்கினால் அதற்கு இடமில்லாமல் போகிறது. மணல்மேட்டை மணல்மேடாகவே விடுவதும் பாதுகாப்புப் பணிதான்.

நம்பிக்கை 3: கடலடிப் புல் வெறும் களை, அதைக் காக்க ஒரு காப்பகம் தேவையா?

உண்மை: கடற்புல் பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம் அது. மண்ணைப் பிடித்து வைக்கிறது, கரியை மண்ணில் சேர்க்கிறது, இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் வளருமிடமாகிறது. கடல்பசு உயிர் வாழ்வதே இந்தப் புல்லை மேய்ந்துதான். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு கன்று ஈனும் விலங்கு என்பதால் ஓர் இழப்பை ஈடுகட்டவே நெடுங்காலம் ஆகும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென ஏற்பட்ட முதல் காப்பகம் இது. அடிமண்ணை வாரி இழுக்கும் மடிகள் அந்தப் புல்லை வேரோடு பிடுங்கும் வரை, காப்பகத்தின் பயன் பாதிதான்.

நம்பிக்கை 4: பூங்கா என்று அறிவித்துவிட்டால் பவளப்பாறை பிழைத்துவிடும்.

உண்மை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையை உடைக்கும் பாறை போனதால் தீவுகள் அரிக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகு, சில ஆண்டுகளில்தான் வெட்டு நின்றது. தூத்துக்குடி அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க அரசு கடலடியில் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளை இறக்கியது. அலையின் தாக்கம் குறைந்ததோடு, அவற்றின் மேல் பவளமும் பற்றியது. இருந்தும் 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிந்ததை எந்தப் பூங்கா எல்லையாலும் தடுக்க முடியவில்லை. வெட்டும் இழுவை மடியும் கழிவும் இல்லாத பாறைதான் வெப்பத்திலிருந்து மீள வலு பெற்றிருக்கும்; அரசின் கையில் இருப்பது அந்த வலுவைக் காப்பது.

நம்பிக்கை 5: கடலைக் காக்க மீனவரை விலக்கி வைக்க வேண்டும்.

உண்மை: இராமநாதபுரம் மாவட்டத் தீவுகளின் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலுக்குள் இறங்குவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். வலையில் சிக்கிய கடல்பசுவை, வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் பலர். வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியிருக்கிறது. கடல்பசுக் காப்பகம் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வந்ததோ அந்தப் பிரிவே, உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்கிறது. கரையில் நாள்தோறும் இருப்பவர் மீனவர். காவல் பார்க்கவும் அவரே வேண்டும்.

இந்த ஐந்து உண்மைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மீட்பு என்பது கன்றையும் பரப்பையும் எண்ணும் கணக்கு அன்று. அழித்த காரணத்தை நீக்கினால் கடல் தானே பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே உங்கள் மாவட்டத்தில் கடலோரத் திட்டம் ஒன்று வரும்போது, எத்தனை கன்று நட்டார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த இடம் ஏன் அழிந்தது, அந்தக் காரணம் நீங்கியதா, ஐந்து ஆண்டு கழித்து இதைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேளுங்கள். கிராம சபையிலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.