பிடித்த நடிகை பயமுறுத்தினால்…

கேள்வி: பிடித்த நடிகை மனம் பிறழ்ந்தவளாக வந்து மிரட்டினால் ரசிகர்களுக்குக் கசக்காதா?
– ஒரு வாசகி, அலோன், யாங்கூன்

பதில்: கசக்கவில்லையே! 2005-இல் வந்த ‘சந்திரமுகி’ ரஜினி படம்தான். ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசியது, தன்னைச் சந்திரமுகியாகவே நினைத்துக்கொள்ளும் கங்காவாக நடித்த ஜோதிகாவின் கண்களைப் பற்றி. வெளியே போகவேண்டாம் என்று கணவன் தடுத்ததும் சிரித்த முகம் இறுகி, குரல் மாறி, ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குவாரே, நான் பார்த்த தியேட்டர் மூச்சடைத்துப் போனது.

இதன் மூலமான ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) மலையாளப் படம். அதில் நாயகி தன்னை நாகவல்லியாக நினைத்துப் பேசுவது தமிழ். அந்த நாயகியாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் சந்திரமுகி பேசுவது தெலுங்கு. கூடவே சோறு உண்டவள் திடீரென்று வேற்று மொழியில் சீறினால் எப்படி இருக்கும்! பேயைவிட எனக்கு அதுதான் நடுக்கம். அந்த நடுக்கத்திலும், கங்கா குணமாக வேண்டுமே என்று நெஞ்சு தவித்தது.