ஒரே ஒரு கத்தி வாங்குங்கள்

மரப்பெட்டியில் ஆறு கத்திகளைச் செருகி, கூடவே ஒரு கத்தரிக்கோலையும் வைத்து செட்டாக விற்கிறார்கள். கல்யாணப் பரிசாகவும் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டு அடுப்படியில் போய்ப் பாருங்கள். தினமும் கைக்கு வருவது ஒன்றுதான். அதுவும் தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டிருக்கும். ஆறு கத்தியையும் தீட்ட யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் ஒன்றுமே தீட்டப்படுவதில்லை. ஒரே கத்தி வைத்திருப்பவருக்கு அது மழுங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும், வேறு வழியில்லாமல் தீட்டியும் விடுவார். ஒரு கத்தி போதும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

எதை வெட்டப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் ஒரு வாரச் சமையலை மனதில் ஓட்டிப் பாருங்கள். வெங்காயம், தக்காளி, பீன்ஸ், கேரட், கத்தரிக்காய், கொத்தமல்லி, எப்போதாவது சேனை, பூசணி, கோழி. இவை எல்லாவற்றுக்கும் ஒரு கத்தி தாங்கும். தேங்காய் உடைப்பது, ஆட்டெலும்பு வெட்டுவது, பெரிய மீன் தலையைப் பிளப்பது இந்தக் கணக்கில் வராது. அவை அரிவாளுக்கும் கறிக்கடைக்காரருக்கும் உரியவை. அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் கத்தி வேண்டும் என்று தேடினால் தடித்த, கனத்த, எதையும் சரியாக வெட்டாத ஒன்றுதான் கிடைக்கும். அரிவாள்மணையில் பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. கீரை ஆய்வதற்கும் வாழைப்பூ நறுக்குவதற்கும் அதற்கு ஈடு இல்லை.

அளவு

அலகின் நீளம் 18 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது ஏழெட்டு அங்குலம். நான்கு அங்குலக் கத்தியில் பழகிய கைக்கு முதலில் இது பெரிதாகத்தான் தெரியும். முட்டைக்கோஸை வெட்டும்போது அந்த நீளத்தின் அருமை புரியும். பிடிக்குப் பக்கத்தில் அலகு 4 முதல் 4.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் நறுக்கும்போது விரல் மூட்டுகள் பலகையில் இடிக்கும். எடை 150 முதல் 220 கிராமுக்குள் இருந்தால் அரை மணி நேரம் நறுக்கினாலும் மணிக்கட்டு வலிக்காது.

இரும்பா, எவர்சில்வரா?

பட்டறையில் அடித்த இரும்புக் கத்திக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. கிராமத்துப் பட்டறைகளில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிப்பது வழக்கம். அதில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், அடித்துப் பதம் வைத்தால் நல்ல கூர் நிற்கும், எந்தக் கல்லிலும் சட்டென்று தீட்டலாம். ஆனால் புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் துருப்பிடிக்கும். வெட்டிய கையோடு கழுவித் துடைத்து, அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். நாலு பேர் புழங்கும் அடுப்படியில், கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் அது பிழைக்காது.

எவர்சில்வர் கத்தி கூர் நிற்காது என்ற பேச்சு அந்த உலோகத்தின் வயதுக்குச் சமம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று உள்ளூர்க் கத்திக்காரர்களே அவரைக் கேலி செய்தார்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் போடும் எவர்சில்வரில் கத்தி செய்தால் அந்தக் கேலி இன்றும் சரிதான். அதில் கார்பன் மிகக் குறைவு, சூடாக்கிக் குளிர்வித்தாலும் இறுகாது. கத்திக்கென்றே உள்ள எவர்சில்வர் வேறு. ஜெர்மன் சமையல் கத்திகளில் பரவலாகப் பயன்படுவதில் 0.5 சதவீதம் கார்பனும் சுமார் 15 சதவீதம் குரோமியமும் இருக்கும். கார்பன் கூரைத் தரும், குரோமியம் துருவைத் தடுக்கும்.

அட்டைப்பெட்டியில் ராக்வெல் கடினம் என்று ஓர் எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். பல ஜப்பானியக் கத்திகள் 60க்கு மேல். அவற்றின் கூர் அபாரம், நாள்பட நிற்கவும் நிற்கும். ஆனால் மாங்கொட்டையிலோ கோழி எலும்பிலோ தெரியாமல் பட்டால் விளிம்பு சில்லுச்சில்லாகத் தெறிக்கும். 55 முதல் 58 வரை உள்ள கத்தியின் விளிம்பு அதே அடிக்குச் சற்று மடங்கும், அவ்வளவுதான், மடங்கியதை நிமிர்த்திவிடலாம். நம் வீட்டுக்கு ஒரே கத்தி என்றால் என் ஓட்டு இந்த 55–58க்குத்தான். எண்ணே போடாத கத்தியை எடுப்பதானால் பேர் தெரிந்த நிறுவனமா என்றாவது பாருங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் கத்தியின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிடியிலிருந்து நுனி வரை முதுகு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கோணலை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அடுத்து விளிம்பை மேல்நோக்கித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மழுங்கல்.

முதுகுத் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர் போதும். தடித்த கத்திதான் உறுதி என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். வீட்டில் கேரட்டை நறுக்கும்போது விஷயம் வெளிப்படும்: தடித்த அலகு பாதி இறங்குவதற்குள் கேரட் ‘டக்’கென்று பிளந்து, துண்டு பறந்து விழும். மெல்லிய அலகு அடிவரை சத்தமில்லாமல் இறங்கும்.

பிடிக்குப் பக்கத்தில் விளிம்பு வரைக்கும் தடித்த உலோகக் கட்டி இறங்கியிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும்; ஆனால் தீட்டும்போது அந்த இடம் கல்லில் படாது, சில வருஷத்தில் அங்கே ஒரு பள்ளம் விழுந்து கத்தி பலகையில் முழுதாக உட்காராது. ரம்பப் பல் வைத்த விளிம்பும் வேண்டாம், அதை வீட்டில் தீட்ட வழியில்லை.

பிடியைப் பொறுத்தவரை, ஈரக்கையோடு வழுக்காததே நல்ல பிடி. முழு எவர்சில்வர் பிடி எண்ணெய்க் கையில் நிற்காது. மரப்பிடி கைக்கு இதம், ஆனால் தண்ணீரில் ஊறினால் விரியும். சொரசொரப்பான கெட்டிப் பிளாஸ்டிக் அழகில்லைதான்; உழைப்பது அதுதான். ரிவெட் அடித்த மரப்பிடி என்றால், பிடியின் கடைசி வரை இரும்பு ஓடுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள்.

பலகை

கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கினால் எந்தக் கத்தியும் ஒரே வாரத்தில் மொண்ணை. கண்ணாடிப் பலகை அதைவிட மோசம். மரப்பலகை வாங்குங்கள், அடியில் ஓர் ஈரத்துணியைப் போட்டால் நகராது. நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளும்போது கத்தியின் முதுகால் தள்ளுங்கள்.

தீட்டுவது

ஒரு கத்தியோடு ஒரு கல்லும் வாங்க வேண்டும். 1000 என்று எண் போட்ட தண்ணீர்க் கல் வீட்டுக்குப் போதும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். கல் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். எவ்வளவு என்பதுதான் எல்லாருக்கும் குழப்பம். 4.5 சென்டிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு முதுகு கல்லிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தால் கோணம் சுமார் 20 டிகிரி. அந்த உயரத்தை மாற்றாமல், பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை முழு விளிம்பும் கல்லில் படும்படி, மெல்லிய ஒரு சீவலை எடுப்பதுபோல் முன்னே தள்ளுங்கள். அழுத்தம் வேண்டாம், கோணம் மாறாமல் இருந்தால் போதும்.

எத்தனை தடவை என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாகத் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் தடவிவிடாதீர்கள், விரல் போய்விடும். முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகு அடுத்த பக்கம். அங்கேயும் அதே. கடைசியில் பக்கத்துக்கு ஒரு தேய்ப்பாக, மிக லேசாக மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பழுத்த தக்காளியை எடுத்து, கத்தியை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் தானாக விட்டுக்கொடுத்தால் வேலை முடிந்தது.

கல்லில் தீட்டுவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இடையில் கூர் சற்றுக் குறைந்தால் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் அதே கோணத்தில் நாலைந்து தடவை இழுங்கள். நம்பச் சிரமமாக இருக்கும், செய்து பார்த்தால் விடமாட்டீர்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதானால் பக்கத்தில் நில்லுங்கள். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்துப் பொறி பறக்கத் தேய்த்தால் விளிம்பு சூடேறும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, “அண்ணே, அப்பப்ப நனைச்சுப் புடிங்க” என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். இழுத்தால் தீட்டும் சின்னக் கருவிகள் கத்தியை வேகமாகத் தின்றுவிடும், அவற்றை வாங்க வேண்டாம்.

பழைய கத்திகள்

புதுக் கத்தி கைக்குப் பழகியதும் பழையவற்றை வெளியே எடுங்கள். எலுமிச்சை நறுக்கவோ பழம் சீவவோ சின்னக் கத்தி ஒன்று வேண்டும் என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். மற்றவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடலாம். குப்பையில்தான் போகிறது என்றால், அலகை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து முழுக்க டேப் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் ‘கத்தி’ என்று எழுதி, பைக்குள் போடாமல் தனியாகக் கையில் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் அந்தப் பையை வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள்.